உப்பு எங்கே போச்சு?

அத்தியாயம் 6

மந்தை ஓடைத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளிச் சத்தியம் செய்த பிறகே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. காற்புள்ளிகூட உண்மை. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே புத்தகத்தை மூடிவிட்டு பஸ் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். முந்தின ஐந்து அத்தியாயங்களைப் படிக்காதவர்களுக்கும் நஷ்டமில்லை. அவற்றில் துப்பறிவாளர் கண்ணுசாமி டீ குடித்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

கண்ணுசாமி வேலையில் இருந்த காலமெல்லாம், திண்டுக்கல்லில் யார் யார் குடிநீர்க் குழாயில் திருட்டுத்தனமாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றபோது ஊரில் அவருக்கு வணக்கம் சொல்ல ஆள் இல்லை. தான் வணக்கம் சொல்லத் தகுதியான ஆளும் ஊரில் இல்லை என்பது அவர் கருத்து. ஆகவே கணக்கு நேராகிவிட்டது. பூட்டுக் கடை ஒன்றின் மாடியில் ஒரு மேசையும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் போட்டு, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். பூட்டுக் கடைக்காரரின் மகள் மெஹராஜ் அவருக்கு உதவியாளர். அவராக வைத்துக்கொண்டதல்ல. வாடகை இவ்வளவு குறைச்சலாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவருக்கு, இந்தப் பெண்ணும் சேர்த்துத்தான் அந்த வாடகை என்பது ஒரு வாரம் கழித்தே தெரிந்தது.

அந்த மாடிக்குத்தான் முத்துப்பேச்சி வந்தாள். மந்தை ஓடைக் கரையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவள். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவு இறங்கி, தண்ணீர் பழைய டீ நிறத்துக்குப் போய்விட்டது. நல்ல தண்ணீரோடு மிச்சமிருப்பது இவள் கிணறு ஒன்றுதான். இப்போது அதற்கும் நாள் குறித்துவிட்டார்கள் என்று சொன்னாள். பிரபு என்பவரின் தோல் ஷாப்பில் ஒரு விஞ்ஞானி மிஷின் பூட்டியிருக்கிறாராம். கழிவுத் தண்ணீர் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் குடிதண்ணீராக வருகிறதாம். இன்னும் மூன்று நாளில் ஆய்வுக் குழு வந்து குடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், மிஷின் தண்ணீரை ஓடையில் திறந்துவிட ஷாப்புக்கு அனுமதி கிடைத்துவிடும்.

"தண்ணி நெசமாவே நல்ல தண்ணியா இருந்தா விடட்டும்ணே, நா எதுக்குக் குறுக்க நிக்கிறேன். ஆனா அந்தப் பிரபு மொகத்தப் பாத்தா நல்லது பண்ற மொகமாத் தெரியல."

கண்ணுசாமிக்கு இந்தச் சான்று போதுமானதாக இருந்தது. அவரே பல வழக்குகளை முகத்தை வைத்துத்தான் முடித்திருக்கிறார். கூலியாக வழக்கு முடியும்வரை தினம் இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீர் என்று பேசி முடித்தார்கள். திண்டுக்கல்லில் நல்ல தண்ணீர் கூலி என்றால் அது சாதாரணக் கூலி அல்ல. அன்றே இரண்டு குடமும் மாடிக்கு வந்து சேர்ந்தன. அவை முழுவதையும் கண்ணுசாமி டீயாகப் போட்டுக் குடித்தார்.

*

மறுநாள் ஒத்திகை. நிருபர்களுக்காக நடத்தப்பட்டதால் யார் வேண்டுமானாலும் நிருபர் ஆகலாம். மெஹராஜ் தன் சுடிதாரில் ஒரு பேனாவைக் குத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஷாப்பின் முற்றத்தில் மிஷின் நின்றது. சரக்கு லாரி அளவு இருந்தது. நெற்றியில் 'நிர்மலஜெட் 9000' என்று எழுதியிருந்தது. பச்சை, சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன. உள்ளே இருந்து மிக்ஸியில் தேங்காய்ச் சட்டினி அரைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. மிஷினின் பின்பக்கம் ஒரு தகர அறையோடு ஒட்டியிருந்தது. அந்த அறைக் கதவில் பெரிய மாங்காய்ப் பூட்டு ஒன்று தொங்கியது.

"இதுக்கு முன்னாடி எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது மிசினு செஞ்சிருப்பாருல்ல, அதெல்லாம் எங்கண்ணே?" என்று மெஹராஜ் காதோரம் கேட்டாள்.

விஞ்ஞானியின் பெயர் விக்னேஷ்குமார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். தோல் ஷாப்பில் ஒரு மணி நேரம் நின்றால் நாய்கூட நிறம் மாறும்; அவர் கோட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லை. கண்ணுசாமிக்கு அதிலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. விக்னேஷ்குமார் நானோ என்றார், பயோ என்றார், குவாண்டம் என்றார். மூன்றுக்கும் நடுவில் ஒரு தமிழ்ச் சொல்கூட விழாமல் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு ஆள் வாளியில் கழிவைக் கொண்டுவந்தான். பழுப்பு நிறம், மேலே நுரை, நுரைக்கு மேலே ஆட்டு மயிர். அதை மிஷினின் வாயில் ஊற்றினான். சட்டினி அரைபடும் சத்தம் கூடியது. முன்பக்கக் குழாயைத் திருப்பினால் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்தது.

விக்னேஷ்குமார் ஒரு டம்ளர் பிடித்தார். வெயிலில் தூக்கிக் காட்டினார். அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தார். நிருபர்கள் கைதட்டினார்கள். தண்ணீர் குடித்ததற்குக் கைதட்டுகிற கூட்டத்தைக் கண்ணுசாமி அதுவரை பார்த்ததில்லை. குழந்தைக்குச் சங்கில் புகட்டும்போது வீட்டில் தட்டுவார்கள், அது வேறு.

கண்ணுசாமியும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். முதல் வாய் வெறும் தண்ணீர். விழுங்கியபின் நாக்கில் லேசாக ஒரு இனிப்பு ஏறியது. அவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். இனிப்புத்தான். எங்கேயோ தெரிந்த இனிப்பு, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உப்பு எங்கே போச்சு?"

விக்னேஷ்குமாருக்குக் கேள்வி புரியவில்லை. புரியாதது இயற்கை, தோல் எப்படி ஷாப்புக்கு வருகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பைக் கொட்டித்தான் அனுப்புவார்கள். அந்த உப்பைக் கழுவுகிற தண்ணீர்தான் முதல் கழிவு. அப்புறம்தான் சுண்ணாம்பு, குரோமியம், சாயம் எல்லாம் சேரும். நிறத்தை எடுக்கலாம், நாற்றத்தை எடுக்கலாம், மயிரைச் சல்லடையில் எடுக்கலாம். கரைந்த உப்பு சல்லடைக்கு நிற்காது. அதையும் பிரிக்கிற பெரிய நிலையங்கள் உண்டு. அங்கே தண்ணீர் ஒரு பக்கம் வந்தால் உப்பு இன்னொரு பக்கம் குவியும். குவிந்த உப்பை வாங்க நாதியில்லாமல் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருப்பதைக் கண்ணுசாமி நேரில் பார்த்திருக்கிறார். இங்கே குவியலும் இல்லை, தார்ப்பாயும் இல்லை. தண்ணீரோ இனிக்கிறது.

விக்னேஷ்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சால்ட் வந்து சார், நானோ லெவல்ல டீமெட்டீரியலைஸ் ஆயிடும்."

"எங்க வீட்டு ரேசன் உப்பும் அப்பிடித்தாண்ணே ஆகுது, டப்பாவுல பாதியக் காணோம்" என்றாள் மெஹராஜ்.

ஷாப்பு முதலாளி பிரபு சிரித்துக்கொண்டே வந்து, பெரியவர் எந்தப் பத்திரிகை என்று விசாரித்தார். பெரியவர் வெளியேறும் நேரம் வந்துவிட்டது என்பது அதற்கு அர்த்தம். வெளியேறும் வழியில் கண்ணுசாமி தகர அறையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அறையின் வெளிச்சுவரில் ஆள் உயரத்தில் ஒரு துவாரம். அதற்குக் கீழே புழுதியில் டிராக்டர் சக்கரத் தடம். தடத்தின் நடுவே ஈரம்.

*

எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, மெஹராஜ் வழக்கை அங்கேயே முடித்துவைத்தாள். அறைக்குள் ஒரு தொட்டி இருக்கிறது. டிராக்டர் டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து துவாரம் வழியாகத் தொட்டியை நிரப்புகிறார்கள். முன்பக்கக் குழாய் அந்தத் தொட்டியிலிருந்து வருகிறது. நல்ல தண்ணீர் என்றால் ஆத்தூர் அணைப் பக்கத்துத் தண்ணீர், வேறு எது. நாளைக் காலையில் டேங்கர் பின்னாலேயே செம்பட்டி ரோட்டில் போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இவ்வளவையும் அவள் ஒரு வடை தின்கிற நேரத்தில் சொல்லி முடித்தாள்.

ஷாப்புக் காவலாளி மூக்கையா அங்கே டீ குடிக்க வந்தார். கண்ணுசாமி விசாரித்தார். மூக்கையா மறைக்கவில்லை, மறைக்க ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. கருப்புசாமி என்று ஒருத்தன் தினம் விடிந்ததும் டேங்கர் கொண்டுவருவதாகவும், ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள் குடிக்க முதலாளி வாங்கி ஊற்றுகிற தண்ணீர் என்றும், தங்கமான மனுஷர் என்றும் சொன்னார். அந்தத் தண்ணீரை எப்போதாவது குடித்திருக்கிறாரா என்று கேட்டதற்கு, இல்லை, தான் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் மெஹராஜ் மொபெட்டோடு வந்தாள். ஹேண்டிலில் தூக்குச்சட்டி தொங்கியது. ஆத்தூர் வரை போகிறோமே என்று புளிச்சோறும், வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கும் கட்டியிருந்தாள். கண்ணுசாமி வண்டியில் ஏறவில்லை. ஷாப்பு வாசலில், டேங்கர் வந்து போன இடத்தில், குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேங்கரு அந்தப் பக்கம் போயிருச்சுண்ணே, நீங்க எதத் தேடுறீங்க?"

"அது காலி டேங்கரு தாயி. அது பின்னால போனா கருப்புசாமி வீட்டுக்குப் போயி அவென் பழைய சோறு திங்கிறதப் பாக்கலாம். தண்ணியோட வந்த டேங்கரு எங்கருந்து வந்துச்சுன்னு பாரு."

திண்டுக்கல் வட்டாரத்தில் ஒழுகாத டேங்கர் என்று ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நிறைந்து வரும்போது ஒழுகும். காலியாகப் போகும்போது ஒழுக ஒன்றும் இருக்காது. மண் ரோட்டின் புழுதியில் ஈரம் ஒரு கோடாக, நடுநடுவே குழியில் குலுங்கிய இடங்களில் மட்டும் குளமாக, ஷாப்பு வாசலிலிருந்து நீண்டுபோனது. வெயில் ஏறுவதற்குள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகவேண்டும். கண்ணுசாமி நடந்தார். மெஹராஜ் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

செம்பட்டி ரோடு வந்தது. கோடு அதில் ஏறவில்லை. மதுரை ரோட்டுப் பக்கமும் திரும்பவில்லை. ஒரு வேப்பமரத்தைச் சுற்றி, ஒரு தட்டாங்காய்க் காட்டின் ஓரமாக, ஒற்றையடிப் பாதையை விட நாலு அங்குலம் அகலமான ஒரு வழியில் இறங்கியது. மெஹராஜின் முகம் வாடிக்கொண்டே வந்தது. திருட்டு இவ்வளவு பக்கத்தில் நடக்கும் என்று தெரிந்திருந்தால் புளிச்சோறு கட்டியிருக்க மாட்டேனே என்று புலம்பினாள். வழி ஒரு மல்லிகைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. கோடு ஒரு கிணற்றடியில் போய் நின்றது.

கிணற்று மேட்டில் முத்துப்பேச்சி நின்று மோட்டாருக்குக் கோணி போர்த்திக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும், என்ன அண்ணே துப்புக் கிடைத்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டாள்.

கண்ணுசாமி கிணற்றடித் தொட்டிக்குப் போனார். தொட்டியில் கை விட்டு ஒரு கை அள்ளிக் குடித்தார். விழுங்கினார். காத்திருந்தார். நாக்கில் இனிப்பு ஏறியது.

"கெணத்துக்குள்ள என்னத்தா போட்டிருக்க?"

"நெல்லிக்கட்டதாண்ணே. எங்க மாமனாரு கெணறு வெட்டுனப்ப அடியில போட்டது. போன கோடையில தூரு வாரயில நானும் புதுசா ரெண்டு பாளம் எறக்குனேன். தண்ணி இனிக்கும்ல."

நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கிற அதே இனிப்பு. ஆத்தூர்த் தண்ணீர் எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் குடித்தபின் நாக்கில் இப்படி வந்து உட்காராது. அந்த வட்டாரத்தில் இன்னும் நெல்லிக்கட்டை இறக்கி வைத்திருக்கிற கிணறு ஒன்று உண்டு என்றால் அது இதுதான்.

மெஹராஜ் மொபெட்டை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "இந்தத் தண்ணிதான ரெண்டு நாளா மாடிக்கு வருது? நாலு கொடம் குடிச்சீகளே, ஒரு கொடத்துலகூடவா தெரியல?"

"டீயாக் குடிச்சேன்."

"நீங்க குடிக்கிறது டீயாண்ணே? அது சீனிப்பாகு. அதுல காவேரிய ஊத்துனாலும் கடல ஊத்துனாலும் ஒண்ணுதான்."

இரண்டு நாளாகக் கண்ணுசாமி துப்பின்மேல் உட்கார்ந்து அதைத்தான் ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த வட்டாரத்திலேயே தனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்ற அவருடைய எண்ணம் அந்த நேரத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. செத்த நேரத்தில் சரியாகிவிட்டது.

முத்துப்பேச்சிக்கு விஷயம் மெல்லத்தான் இறங்கியது. கருப்புசாமி வந்து, டவுனில் பிரியாணிக் கடைக்கு அரிசி வேகவைக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். பதிலுக்குத் தன் டிராக்டரால் அவள் கொல்லையை உழுது தந்திருக்கிறான். சோறாக்குகிற தண்ணீரைக் கேட்டு ஒருத்தன் வாசலில் நிற்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது என்று இவளும் மோட்டாரைப் போட்டுவிட்டாள். தினமும் தன் கிணற்றுத் தண்ணீரைத் தானே நிரப்பி அனுப்பியிருக்கிறாள், தன் கிணற்றைக் கெடுக்கிற கையெழுத்துக்காக.

அவள் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மோட்டாரை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் காட்டிக்கொடுத்தது என்பதுபோல.

"நாளைக்கு ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேண்ணே. வரட்டும் அவென்."

"குடுக்காட்டி அவென் ஆத்தூருல போயிப் புடிச்சிட்டு வருவான். குழு அதக் குடிச்சிட்டுக் கையெழுத்துப் போடும். நாளைக்கும் நீ குடுக்கணும்" என்று கண்ணுசாமி சொன்னார். "ஆனா அவென் பிரியாணிக்குன்னுதான கேட்டான்? பிரியாணிக்குத் தக்கன குடு."

மெஹராஜின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. அவளுடைய மாமா கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிறவர். அவர் வீட்டுப் பரணில் கேசரிப் பவுடர் டின் டின்னாக இருந்தது.

*

விழா நாளன்று ஷாப்பு முற்றத்தில் பந்தல். பந்தலில் தோரணம். தோரணத்தில் உட்காரக்கூட ஈக்களுக்கு மனமில்லாத நாற்றம். மேடையில் ஆய்வுக் குழு மூன்று பேர். அவர்கள் மூக்கைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை மூக்கிலேயே வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரியாது. ஆனால் பொன்னாடையைப் பார்த்ததும் அவர் கழுத்து தானாக நீண்டதைப் பார்த்தால் இதற்கு முன்னால் பல ஊர்களை ஆய்வு செய்தவர் என்பது புரிந்தது. அவர் முன்னால் தாளும், மூடி கழற்றிய பேனாவும் தயாராக இருந்தன. பேனாவைப் பிரபுவே பரிசாகக் கொடுத்திருந்தார்.

முத்துப்பேச்சி பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கண் அந்தப் பேனாவை விட்டு அசையவில்லை. பக்கத்தில் கண்ணுசாமி. அன்று விடிந்ததும் கருப்புசாமி டேங்கரை நிறுத்திவிட்டுப் பல் துலக்கப் போன இடைவெளியில், டேங்கரின் மேல் மூடி வழியாக ஒரு டின் கேசரிப் பவுடர் உள்ளே போயிருந்தது. இருட்டுத் தொட்டியிலிருந்து இருட்டுத் தொட்டிக்குப் போகிற தண்ணீரை யார் பார்க்கப் போகிறார்கள்.

வாளிக் கழிவு மிஷினின் வாய்க்குள் போனது. சட்டினி அரைபட்டது. விக்னேஷ்குமார் குழுத் தலைவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, அவர் கையாலேயே குழாயைத் திறக்கச் சொன்னார்.

பந்தல் முழுக்கப் பார்க்க, குழாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் கொட்டியது. சாதாரண ஆரஞ்சு அல்ல. கல்யாண வீட்டுக் கேசரியை வெயிலில் வைத்தால் எப்படி மின்னுமோ, அப்படி.

கண்ணுசாமி காலைக் குறுக்கே போட்டுச் சாய்ந்துகொண்டார். வழக்கு முடிந்தது. தோல் ஷாப்புக் கழிவில் எத்தனையோ நிறம் உண்டு, இந்த நிறம் கிடையாது. இனி ஒரு குழந்தைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை.

விக்னேஷ்குமார் ஒரு நொடி குழாயைப் பார்த்தார். அடுத்த நொடி மைக்கைப் பிடித்தார். சாதாரணச் சுத்திகரிப்பு எல்லோரும் செய்வது என்றும், இன்று முதல்முறையாக நிர்மலஜெட் கழிவிலிருந்தே வைட்டமின் சி எடுத்துத் தண்ணீரில் சேர்த்திருக்கிறது என்றும், இந்த ஆச்சரியத்தைக் குழுவினருக்காகவே ஒத்திகையில் மறைத்து வைத்திருந்ததாகவும் அறிவித்தார்.

பந்தலில் கைதட்டல் எழுந்தது. குழுத் தலைவர் ஒரு டம்ளர் குடித்தார். நாக்கைத் தட்டிப் பார்த்தார். இனிப்பாகக்கூட இருக்கிறதே என்று வியந்தார். மற்ற இருவரும் அவசரமாகத் தங்கள் டம்ளரை நீட்டினார்கள். ஒருவர் இரண்டாவது தடவையும் நீட்டினார். மூவரின் உதடும் வெற்றிலை போட்டதுபோல் ஆகிவிட்டது.

கண்ணுசாமி குறுக்கே போட்ட காலை எடுத்துக் கீழே வைத்தார். ஊரில் எல்லோரும் முட்டாள் என்று அவர் எப்போதும் நம்பிவந்தவர்தான். எவ்வளவு முட்டாள் என்பதைத்தான் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். தலைவர் ஆரஞ்சு உதட்டோடு நாற்காலிக்குத் திரும்பி, பேனாவை எடுத்தார்.

முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள். யாரும் கூப்பிடாமலே மேடை வரைக்கும் நடந்தாள்.

"அய்யா, அது வைட்டமினு இல்ல. ஏங் கெணத்துத் தண்ணி. அதுல கேசரிப் பவுடரு போட்டிருக்கு. இனிக்கிது பாருங்க, அது நெல்லிக்கட்ட போட்ட இனிப்பு. இந்த மிசினுக்குள்ள எங்க மாமனாரு எறங்கி நெல்லிக்கட்ட போடல."

பிரபு இரண்டு ஆட்களுக்குக் கண் காட்டினார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வெளியே கூட்டிப்போங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அவர்கள் அவளை நெருங்குவதற்குள் மிஷினின் பின்பக்கத்திலிருந்து கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது. தகர அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் மெஹராஜ், ஒரு கையில் மாங்காய்ப் பூட்டோடு நின்றாள். திண்டுக்கல் பூட்டைத் திருடன் திறக்க முடியாது என்பது உலகம் அறிந்தது. அதைச் செய்தவர் மகளுக்கு அந்தத் தடை இல்லை.

"எங்க அத்தா செஞ்ச பூட்டு. நல்ல பூட்டுத்தான், மாட்டுன எடந்தான் சரியில்ல" என்றாள்.

பந்தலே எழுந்து அறைக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே கறுப்புத் தொட்டி ஒன்று. அதன் மூடியைத் தூக்கினால் விளிம்புவரை கேசரி நிறம். தொட்டியிலிருந்து ஒரு குழாய் மிஷினின் முன்பக்கத்துக்குப் போனது. மிஷினின் வாயில் ஊற்றிய கழிவு இன்னொரு தடித்த குழாய் வழியாக நேராக அறையைக் கடந்து, பின்சுவரில் வெளியேறி, பழைய கழிவுக் குட்டையில் விழுந்துகொண்டிருந்தது. அதே பழுப்பு, அதே நுரை, நுரைக்கு மேலே அதே ஆட்டு மயிர். மிஷினுக்கு நடுவில் இருந்தது ஒரு மிக்ஸி. அதில் தேங்காய்கூட இல்லை.

மெஹராஜ் ஒரு தட்டில் இரண்டு டம்ளர் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்று ஆரஞ்சு. இன்னொன்று தடித்த குழாயில் பிடித்தது. தட்டைக் குழுத் தலைவர் முன்னால் வைத்தாள். கண்ணுசாமி அப்போதுதான் மேடைக்கு வந்து சேர்ந்தார். முதல் டம்ளரைக் குடித்தாயிற்று, இது மிஷினிலிருந்து உண்மையாக வருகிற தண்ணீர், கண்டுபிடித்தவரே முதலில் குடித்துக் காட்டினால் குழுவுக்கு ஒரு தைரியம் வரும் என்று பணிவாகச் சொன்னார்.

எல்லோரும் விக்னேஷ்குமாரைப் பார்த்தார்கள். ஒத்திகையில் அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்த மனிதர், டம்ளரில் மிதந்த மயிரைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஏகாதசி சார்" என்றார். "நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

"கையெழுத்துப் போடுறவுக இதக் குடிச்சிட்டுப் போடட்டும்" என்றாள் முத்துப்பேச்சி. "நாளைக்கு நா குடிக்கப்போறது அதானே."

குழுத் தலைவர் டம்ளரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஆரஞ்சு உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டார். பிறகு பேனாவுக்கு மூடியைப் போட்டார். மூடிய பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். பரிசாக வந்ததைத் திருப்பிக் கொடுப்பது குழுவின் வழக்கமில்லை போலிருக்கிறது. தாளில் குறுக்கே கோடிழுக்கக் கண்ணுசாமியிடம் வேறு பேனா கேட்டார்.

அப்புறம் நடந்தது சாதாரணமானது. தன்னை விஞ்ஞானி ஏமாற்றிவிட்டதாகப் பிரபு சொன்னார். முதலாளி சொன்னதைத்தான் செய்ததாக விக்னேஷ்குமார் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே நின்றதால் போலீஸ்காரர்களுக்கு அடையாளம் காண்பது சுலபமாகிவிட்டது. விசாரணைக்கு நடுவில் பிரபு எழுதிக் கொடுத்ததில், ஓடைப் பக்கம் இனி ஒரு சொட்டுக் கழிவும் திரும்பாது என்று இருந்தது. பொன்னாடை மட்டும் மேடையில் அனாதையாகக் கிடந்தது. வாங்கியது வீணாகக்கூடாது என்று அதைக் கருப்புசாமிக்குப் போர்த்தினார்கள். எதற்கென்று அவனுக்குத் தெரியாது. அவன் இன்றுவரை அது பிரியாணிக்காகக் கிடைத்தது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

முத்துப்பேச்சி தோட்டத்துக்குத் திரும்பி, டேங்கர் நுழைகிற வழியில் முள் வெட்டிப் போட்டாள். மறுநாள் மாடிக்கு வந்த கடைசி இரண்டு குடத்தில் ஒன்றை மெஹராஜ் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள். மற்றதிலிருந்து கண்ணுசாமி ஒரு டம்ளர் மட்டும் வெறும் தண்ணீராகக் குடித்தார். நாக்கில் இனிப்பு வரும்வரை காத்திருந்தார். பிறகு மிச்சத்தை டீக்கு வைத்தார்.

ஆக, கிணறு தப்பியது. மந்தை ஓடையும் தப்பியது. இதையெல்லாம் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் முதல் பத்தியை மறுபடி படித்துக்கொள்ளலாம். மந்தை ஓடைத் தண்ணீரில் இடுப்பளவு நின்று செய்த சத்தியம் அங்கேயே அச்சில் இருக்கிறது.

மந்தை ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடியதை, அந்தப் பக்கத்தில் இன்று உயிரோடிருக்கிற யாரும் பார்த்ததில்லை.